பட்டறைப் பதில்கள்: ஜீப்பைத் தூக்க எத்தனை பட்டை?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பட்டை பற்றியே இருந்தன. பட்டை என்றால் வண்டியின் பாரத்தைத் தாங்க அடுக்கிக் கட்டும் வளைந்த எஃகுத் தகடு, லீஃப் ஸ்பிரிங். பதில் சொல்பவர் தஞ்சாவூரில் லாரிக்கும் ஜீப்புக்கும் பட்டை கட்டும் மெக்கானிக்.

ஐயா, என்னிடம் பழைய மஹிந்திரா எம்.எம்.540 ஜீப் இருக்கிறது. நான்கு பக்கமும் பட்டைதான். வயலுக்கும், மழைக்காலத்தில் பாமணி ஆற்றங்கரை வழியாகத் தென்னந்தோப்புக்கும் போய்வர வைத்திருக்கிறேன். 7.00-16 டயர் போட ஆசை. அதற்கு வண்டியை 3 அங்குலம் தூக்க வேண்டும் என்கிறார்கள். பக்கத்துப் பட்டறையில் கேட்டால், "பக்கத்துக்கு ரெண்டு கனமான பட்டை சேர்த்துட்டா தானா தூக்கிடும்" என்கிறார். செய்யலாமா?
— ஒரு வாசகர், மன்னார்குடி

தூக்கும், தம்பி, அதில் சந்தேகமே இல்லை. இரண்டு கனமான பட்டையைச் செருகினால் எந்த வண்டியும் எழும்பி நிற்கும். அப்புறம் அந்த வண்டியில் நீங்கள் உட்கார்ந்து போக வேண்டும், அங்கேதான் வம்பு.

முதலில் எதற்காகத் தூக்குகிறோம் என்று பார்ப்போம். நம் பக்கத்துச் சேற்றில் ஜீப் மாட்டுவது சேஸ் (அடிச்சட்டம்) தட்டி அல்ல. இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் அச்சின் கூடான ஹவுசிங்கின் நடுவில் உருண்டையாகத் தொங்குகிறதே டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரப் பெட்டி, அதுதான் சேற்றை உழுதுகொண்டே போய் உட்கார்ந்துவிடும். பட்டையை எவ்வளவு வளைத்துக் கட்டினாலும் அந்த உருண்டை ஒரு நூல்கூட மேலே வராது. அதை மேலே கொண்டுவருவது டயர் மட்டும்தான். 6.00-16 டயரைக் கழற்றிவிட்டு 7.00-16 போட்டால் டயரின் உயரம் ஏறக்குறைய 2 அங்குலம் கூடும். அதில் பாதி, அதாவது 1 அங்குலம், டிஃபரன்ஷியலுக்கு அடியில் கிடைக்கும். பட்டையில் நாம் தூக்குவதெல்லாம் அந்தப் பெரிய டயர் மட்கார்டில் உரசாமல் ஆட இடம் பண்ணுவதற்காக.

அதற்கு 3 அங்குலம் தேவையா? என்னைக் கேட்டால் தேவையில்லை. ஒன்றரை, மிஞ்சினால் இரண்டு. யாரிடமாவது அந்த டயர் இரண்டை இரவல் வாங்கி முன்னால் மாட்டுங்கள். ஒரு முன்சக்கரத்தை மட்டும் மேடான இடத்தில் ஏற்றி நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்புங்கள். எங்கே உரசுகிறது, எவ்வளவு உரசுகிறது என்று தெரிந்துவிடும். அந்த அளவைத்தான் பட்டையிடம் கேட்க வேண்டும். ஊரார் சொல்லும் 3 அங்குலத்தை அல்ல.

இனி அந்தக் கனமான பட்டைக்கு வருவோம். ஒரு முன்பட்டைமேல் 300 கிலோ உட்காருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 கிலோவுக்கு 1 சென்டிமீட்டர் அமுங்கும் செட் என்றால் மொத்தம் 12 சென்டிமீட்டர் அமுங்கி நிற்கும். கனமான பட்டை சேர்த்ததும் அதுவே 40 கிலோவுக்கு 1 சென்டிமீட்டர் என்று ஆகிவிட்டால், 7.5 சென்டிமீட்டர்தான் அமுங்கும். வண்டி 4.5 சென்டிமீட்டர் எழுந்துவிட்டது! ஆனால் அந்த உயரம் பட்டை அமுங்க மறுப்பதால் வந்தது. பட்டையின் வளைவை 4.5 சென்டிமீட்டர் கூட்டியிருந்தாலும் அதே உயரம்தான் வந்திருக்கும். அமுங்குகிற குணம் பழையபடியே இருந்திருக்கும். பார்ப்பதற்கு இரண்டு வண்டியும் ஒன்றுதான். வாய்க்கால் வரப்பில் குறுக்கே ஏற்றினால் வித்தியாசம் தெரியும். கெட்டிப் பட்டை போட்ட வண்டி ஒரு சக்கரத்தை அந்தரத்தில் தூக்கிக்கொண்டு நிற்கும். தூக்கிய சக்கரம் சும்மா சுற்றும், மண்ணில் இருக்கிற சக்கரம் அசையாது. மெத்தென்ற பட்டை நான்கு காலையும் தரையில் வைத்திருக்கும். சேற்றில் வண்டி ஓடுவது அதனால்தான்.

கனத்தை, அதாவது தடிமனைப் பற்றி ஒரு கணக்கு தெரிந்திருந்தால் எந்தப் பட்டறையிலும் ஏமாற மாட்டீர்கள். பட்டையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் (கனத்தைக் கனத்தால் பெருக்கி, மறுபடி கனத்தால் பெருக்கியது) போகும். 6 மில்லிமீட்டர் பட்டையை எடுத்துவிட்டு 8 மில்லிமீட்டர் போட்டால் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடும் என்று நினைப்போம். உண்மையில் இரண்டேகால் மடங்குக்கு மேல் போய்விடும். ஒரு 8 மில்லிமீட்டர் பட்டைக்குப் பதிலாக இரண்டு 6 மில்லிமீட்டர் பட்டை போட்டால் விறைப்பு அதைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். அதே அளவு வளையும்போது ஒவ்வொரு பட்டைக்கும் வரும் இழுவையும் கால் பங்கு குறையும். அதனால் காட்டிலும் சேற்றிலும் ஓடும் வண்டிக்கு மெல்லிய பட்டை நிறையப் போட்டுக் கட்டுவதுதான் முறை. நீளத்துக்கும் இதே மும்மடிக் கணக்கு, தலைகீழாக. பட்டையைப் பத்தில் ஒரு பங்கு நீட்டினால் விறைப்பு கால்வாசி குறைந்துவிடும்.

சரி, கட்டுவது எப்படி? முதலில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, டீசல் நிரப்பி, ஸ்டெப்னி மாட்டி, டிரைவர் இடத்தில் ஆளை உட்காரவைத்து, நான்கு பக்கமும் ஹவுசிங்கிலிருந்து சேஸ்வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்காது; டிரைவர் பக்கம் அநேகமாக இறங்கியிருக்கும். அப்புறம் பட்டையைக் கழற்றி, கண்ணிலிருந்து கண்ணுக்கு (பட்டையின் இரண்டு முனையிலும் உருட்டியிருக்கும் வளையம்தான் கண்) நூல் கட்டி, பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் நடு போல்ட் இருக்கும் இடத்தில் பள்ளம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அதுதான் வெறும் வளைவு. நடு போல்ட் சரியாக நடுவில் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு கண்ணிலிருந்தும் தனித்தனியாக அளக்க வேண்டும். இதில் அரை அங்குலம் தப்பினால் ஹவுசிங் முன்னே பின்னே போய், வண்டி கோணலாக நடக்கும்.

வளைவைக் கூட்டும்போது பலரும் மறந்துவிடுவது, கண் உள்ள மேல் பட்டையான மெயின் பட்டையின் நீளம். 1 மீட்டர் நீளப் பட்டைக்கு 10 சென்டிமீட்டர் வளைவு இருந்தால் கண்ணுக்குக் கண் தூரம் ஏறக்குறைய 97 சென்டிமீட்டர். வளைவை 15 ஆக்கினால் அதே பட்டையில் அது 94-க்கு வந்துவிடும். மூன்று சென்டிமீட்டரும், பட்டையின் ஒரு முனையைச் சேஸோடு இணைத்து ஆடும் சாக்கிளிலிருந்துதான் போகும். சாக்கிள் உள்பக்கமாகச் சாய்ந்து, அமுங்க வேண்டிய பட்டையை அமுங்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். பெரிய பள்ளத்தில் விழுந்தால் எதிர்ப்பக்கம் மடங்கிவிடவும் செய்யும். எனவே பழைய மெயின் பட்டையையே தட்டி வளைக்காமல், நீளம் கூட்டிப் புதிதாக அடிக்கச் சொல்லுங்கள். வண்டியின் பாரம் இறங்கி நிற்கும்போது சாக்கிள் வெளிப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்க வேண்டும்.

அடுத்து, பட்டைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி. நல்ல செட்டை நடு போல்ட் போடாமல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள், நடுவில் வெளிச்சம் தெரியும். கீழே போகப் போக ஒவ்வொரு பட்டைக்கும் வளைவு கொஞ்சம் அதிகம். நடு போல்ட்டை முறுக்கும்போது அந்த இடைவெளி மூடும். மெயின் பட்டை பாரத்துக்கு எதிர்த்திசையில் கொஞ்சம் வளைந்துகொள்ளும். பாரம் ஏறும்போது வரும் இழுவையில் ஒரு பகுதி இப்படி முன்கூட்டியே கழிந்துவிடுகிறது. கண்ணைத் தாங்கி, பிரேக்கையும் தாங்கி அதிகம் அடிபடுவது மெயின் பட்டைதானே. எல்லாப் பட்டையையும் ஒரே அச்சில் வளைத்து அடுக்கித் தருகிற பட்டறையில் வேலை கொடுக்காதீர்கள்.

பட்டைகளின் நீளம் படிப்படியாகக் குறைய வேண்டும். நுனியைச் சதுரமாக வெட்டிவிடாமல் சரித்து, மேல் விளிம்பை உருட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த நுனி மேலே உள்ள பட்டையில் கோடு கிழிக்கும், அந்தக் கோட்டில்தான் நாளைக்கு விரிசல் விழும். இரண்டாம் பட்டையின் நுனியை மெயின் பட்டையின் கண்ணைச் சுற்றிப் பாதிவரை வளைத்துவிடச் சொல்லுங்கள். ராணுவ வண்டிகளில் இருப்பது இதுதான். மெயின் பட்டை உடைந்தாலும் ஹவுசிங் கழன்று ஓடாது. ஆனால் கண்ணுக்கும் அதற்கும் நடுவே இடம் விட வேண்டும். ஒட்ட வளைத்தால் பட்டை நகர முடியாது. புத்தகத்தை வளைத்தால் தாள்கள் வழுக்குவதுபோல, அமுங்கும்போதெல்லாம் பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கியாக வேண்டும். கிளிப்பையும் அதற்காகத்தான் இறுக்கிக் கட்டக் கூடாது. கிளிப்பின் வேலை பட்டைகள் விசிறி மாதிரி விரியாமல் பார்த்துக்கொள்வது மட்டும்.

பட்டையை ஹவுசிங்கோடு கட்டும் யூ போல்ட்டை, வண்டியை ஜாக்கியில் தொங்கவிட்டபடி முறுக்காதீர்கள். வண்டியை இறக்கி, பாரம் பட்டைமேல் வந்த பிறகு, நான்கு நட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் போய்த் திரும்பியதும் மறுபடி ஸ்பானர் வையுங்கள். ஒரு சுற்றாவது பிடிக்கும். பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடுவது சிக்கனம் ஆகாது.

பட்டை முடிந்ததும் வேலை முடியாது. ஷாக் அப்சார்பர் பழைய நீளத்திலேயே இருந்தால் வண்டியைத் தொங்கவிடும்போது பட்டைக்கு முன்னால் அதுதான் இழுபடும். பிரேக் ஹோஸ் விறைத்து நிற்கிறதா என்று ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்துப் பாருங்கள். எஞ்சின் சக்தியைப் பின் ஹவுசிங்குக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் சாய்வு கூடும்; 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் அடியில் உறுமல் கேட்டால் அதன் மூட்டான கிராஸின் கோணம் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். பட்டைக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே சாய்வான இரும்புத் தகடு வைத்து அதைத் திருத்தலாம். முன்பக்கத்தில் காஸ்டர் (முன்சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) மாறி ஸ்டியரிங் தானாகத் திரும்பிவராமல் அலைந்தாலும் இதே தகடுதான் மருந்து. அலுமினியத் தகடு வாங்காதீர்கள், நசுங்கிவிடும்.

இவ்வளவும் படித்துவிட்டு, பக்கத்துப் பட்டறைக்காரர் சொன்னதே சுலபம் என்று தோன்றினால் உங்கள் இஷ்டம். இடுப்பு உங்களுடையது.

லாரியில் கழற்றிப் போட்ட பழைய பட்டை எடைக்கு மலிவாகக் கிடைக்கிறது. அதை வெட்டி ஜீப்புக்குப் பட்டை அடிக்கலாமா அண்ணே? இல்லை, இருக்கிற பட்டையையே சூடேற்றாமல் சுத்தியலால் தட்டிப் பெண்டு (வளைவு) எடுத்தால் போதுமா?
— ஒரு வாசகர், திருத்துறைப்பூண்டி

அரிவாள் அடிக்கலாம், கடப்பாரை அடிக்கலாம். நம் ஊர்க் கொல்லர்கள் நெடுங்காலமாக அதைத்தான் செய்கிறார்கள், அருமையான இரும்பு. பட்டைக்கு வேண்டாம்.

லாரிப் பட்டை அகலமானது. பழைய வில்லிஸ் என்ற அமெரிக்க ஜீப்பின் வழி வந்த ஜீப்பின் பட்டை ஒன்றேமுக்கால் அங்குலம்தான். கேஸ் வைத்து ஓரத்தை அறுத்தால் அந்த ஓரம் முழுக்கச் சூட்டில் கெட்டு, கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளோடு நிற்கும். அது போக, லாரியில் பல லட்சம் தடவை வளைந்து நிமிர்ந்த இரும்பு அது. களைப்பு உள்ளே இருக்கும், வெளியே தெரியாது.

புதிய இரும்பு வாங்குங்கள். கடையில் ஈ.என்.45 என்பார்கள், 55 எஸ்.ஐ.7, 60 எஸ்.ஐ.7 என்றும் கிடைக்கும். எல்லாம் சிலிக்கான் கலந்த ஸ்பிரிங் எஃகு. இன்னும் உசத்தியாக வேண்டுமென்றால் குரோமியம், வனேடியம் கலந்த 50 சி.ஆர்.வி.4. எந்த இரும்பானாலும் சூட்டுப் பக்குவம் சரியாக இல்லாவிட்டால் பயன் இல்லை. 850 முதல் 900 டிகிரிவரை சூடேற்றி, அச்சில் வளைத்து, எண்ணெயில் இறக்க வேண்டும். அப்படியே விட்டால் கண்ணாடி மாதிரி உடையும். அதனால் மறுபடி 450 முதல் 500 டிகிரியில் வைத்துப் பதம் இறக்க வேண்டும். இந்த இரண்டாவது சூட்டைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். சிவக்கக் காய்ச்சித் தண்ணீர்த் தொட்டியில் "சொய்ங்" என்று இறக்கும் பட்டறையைப் பார்த்தால் அந்தப் பக்கமே நிற்காதீர்கள். சூளையும் வெப்பமானியும் உள்ள இடத்தில் கொடுத்து அடித்து வாங்குவதுதான் நல்லது. கொஞ்சம் தூரம் போக வேண்டியிருக்கும், போங்கள்.

பச்சையாகச் சுத்தியலால் தட்டிப் பெண்டு எடுப்பது பற்றியும் கேட்டிருந்தீர்கள். தட்டிய அன்றைக்கு உயரமாக இருக்கும். ஒரு அறுப்பு முடிவதற்குள் பழையபடி படுத்துவிடும். பட்டை வெல்டிங்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: கூடாது.

எங்களிடம் டாடா 407 லாரி இருக்கிறது. அகஸ்தியம்பள்ளியில் உப்பு ஏற்றுகிறோம். பட்டை அடிக்கடி உடைகிறது. கறுப்பு ஆயில் (எஞ்சினிலிருந்து வடித்த பழைய ஆயில்) அடித்தும் நிற்கவில்லை.
— ஒரு வாசகர், வேதாரண்யம்

எந்த இடத்தில் உடைகிறது என்று எழுதவில்லையே. அதைப் பார்த்தால் பாதி நோய் தெரிந்துவிடும். நடு போல்ட் ஓட்டையில் உடைந்தால் யூ போல்ட் தளர்ந்திருக்கிறது. இறுக்கமாகப் பிடித்த இடத்தில் பட்டை வளையாது. வளையாத இடம் உடையாது. தளர்ந்தால் வளைவு முழுக்க அந்த ஓட்டைக்கு வரும், பட்டையிலேயே பலவீனமான இடம் அதுதான். கண் பக்கத்தில் உடைந்தால் கண்ணுக்குள் இருக்கும் புஷ்ஷும் அதற்குள் ஓடும் ஆணியும் கிரீஸ் இல்லாமல் இறுகிப்போயிருக்கும். கிளிப் கழன்று போன இடத்துக்குப் பக்கத்தில் மெயின் பட்டை மட்டும் உடைந்தால், பள்ளத்திலிருந்து எழும்பும்போது கீழ்ப்பட்டைகள் துணைக்கு வரவில்லை, அது தனியாகவே தாங்கியிருக்கிறது.

இது மூன்றும் இல்லாமல் ஆங்காங்கே உடைகிறதென்றால் உப்புதான். உப்புத் தண்ணீர் பட்டைகளுக்கு நடுவே இறங்கிப் புள்ளிப்புள்ளியாக அரிக்கும். கடுகளவு குழி போதும், அதிலிருந்து விரிசல் கிளம்பும். 2018 நவம்பரில் கஜா புயலுக்கு அப்புறம் உங்கள் பக்கத்திலிருந்து வந்த வண்டிகளின் பட்டையைப் பிரித்தபோது, வெளியே பெயின்ட் பளிச்சென்று இருக்க, உள்ளே இரும்பு பொரிப்பொரியாக உதிர்ந்தது.

கறுப்பு ஆயில் எதுவும் அடிக்காததைவிடத் தேவலை. ஆனால் அது மேலே அடிப்பது, அரிப்பு உள்ளே நடப்பது. போதாததற்கு மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ரப்பர் புஷ்ஷையும் ஊறவைத்துக் கெடுக்கும். நீங்கள் செய்ய வேண்டியது, லோடு இறக்கிய அன்றே நல்ல தண்ணீரில் பட்டைக்குள் படும்படி பீய்ச்சிக் கழுவுவது. மழைக்காலத்துக்கு முன்னால் ஒருமுறை செட்டைப் பிரித்து, கம்பி பிரஷ் போட்டுத் துரு எடுத்து, துத்தநாக பிரைமர் அடித்துக் காயவைத்து, பட்டைகளுக்கு நடுவே கிராஃபைட் கிரீஸ் தடவிக் கட்டுங்கள். பிரிக்கும்போது ஒவ்வொரு பட்டையின் மேல்முகத்தையும் துடைத்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். பாரம் ஏறும்போது இழுபடுவது அந்த முகம்தான், விரிசல் அங்கேதான் தொடங்கும்.

ஹவுசிங்குக்குக் கீழே இருக்கும் பட்டையை மேலே தூக்கிப் போட்டால் ஒரே அடியாக 5 அங்குலம் கிடைக்குமாமே?
— ஒரு வாசகர், பாபநாசம்

கிடைக்கும். ஹவுசிங் குழாயின் கனமும் பட்டைக் கட்டின் கனமும் சேர்ந்தால் அவ்வளவு வரும். பழைய பட்டையே போதும், மெத்தென்ற குணமும் கெடாது. செலவும் குறைவு. கேட்கத் தேனாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஹவுசிங்கின் மேல் புதிதாகப் பட்டை உட்காரும் மேடை வெல்டிங் செய்ய வேண்டும். அதன் கோணம் தப்பினால் புரொப்பல்லர் ஷாஃப்ட் கிராஸைத் தின்றுகொண்டே இருக்கும். ஸ்டியரிங் ராடுகள் செங்குத்தாகச் சாய்ந்து, பள்ளத்தில் விழும்போதெல்லாம் வண்டி தானாக ஒரு பக்கம் திரும்பும். கியர் போட்டுக் கிளட்சை விட்டதும் ஹவுசிங் முறுக்கிக்கொண்டு பட்டையை எஸ் வடிவத்தில் வளைக்கும். அதைத் தடுக்கத் தனியாக ஒரு கம்பி போட வேண்டும். இத்தனையையும் ஒழுங்காகச் செய்யத் தெரிந்த பட்டறையும் உண்டு. செய்து முடித்ததும் உங்களிடம் இருப்பது 5 அங்குலம் உயர்ந்த, அதே அகலமுள்ள ஜீப். குடமுருட்டிக் கரையில் எதிரே டிராக்டர் வந்து, சரிவில் இரண்டு சக்கரத்தை இறக்கி ஒதுங்க வேண்டிவந்தால் நான் அதில் உட்கார மாட்டேன். பாறைக்காட்டில் ஏறுகிறவர்களுக்கு அது சரி. நம் ஊரில் பாறை எங்கே இருக்கிறது?

நம் வயலில் உழவுச் சேற்றுக்கு அடியில் இறுகிய தரை ஒன்று இருக்கிறது. ஒல்லியான டயர் அதைத் தொட்டுப் பிடித்துக்கொண்டு போய்விடும். உயரத்தைவிட அதுதான் காரியம்.

என் வீட்டுக்காரர் 2020-க்குப் பிறகு வந்த புது மஹிந்திரா தார் ஜீப் வாங்கியிருக்கிறார். பட்டை மாற்றித் தூக்கப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். தடுக்க ஏதாவது வழி இருக்கிறதா அண்ணா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

வழி வண்டிக்குள்ளேயே இருக்கிறது தங்கச்சி. அந்த வண்டியில் பட்டையே கிடையாது. 2020-இல் வந்த தாருக்கு நான்கு பக்கமும் காயில் ஸ்பிரிங். 2010-இல் வந்த பழைய தாரில் சி.ஆர்.டி.இ. மாடலுக்குப் பின்னால் மட்டும் பட்டை, டி.ஐ. மாடலுக்கு முன்னும் பின்னும் பட்டை. வண்டிக்கு அடியில் ஒருமுறை குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். பட்டை ஆசை அதோடு தீரும், காயில் ஆசை தொடங்கலாம்.

அதற்குச் சட்டம் இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்து ஆர்.சி.யில் பதிவான விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே வருஷம் வந்த திருத்தப்படி, மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். புது வண்டியின் வாரன்டி விவகாரம் வேறு. விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் டேப்பை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில்தான் போவார்.

பட்டை கட்டிப் பிழைக்கிறவன் இதைச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். என்னிடம் வருகிறவர்களுக்கு வேலையைத் தொடும் முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன். மேலே மன்னார்குடித் தம்பிக்கும் சேர்த்துத்தான். ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

டாடா ஏஸில் வைக்கோல் கட்டும் நெல்மூட்டையும் ஏற்றுகிறேன். பின்பக்கம் படுத்துவிடுகிறது. ஒரு பட்டை கூடுதலாகப் போட்டால் இன்னும் பத்து மூட்டை ஏற்றலாமா?
— ஒரு வாசகர், ஒரத்தநாடு

பட்டை போட்டால் வண்டி படுக்காது. பிரேக்கும் ஹப் பேரிங்கும் டயரும் சேஸும் கூடுதல் பட்டை போட்டுக்கொள்ளவில்லையே. ஆர்.சி.யில் போட்டிருக்கும் எடைதான் எடை. அந்த எடைக்குள்ளேயே படுக்கிறதென்றால் பட்டை களைத்துவிட்டது, புது செட் மாற்றுங்கள். வைக்கோல் எடை குறைவு, ஆனால் உயரம். அதை ஏற்றிக்கொண்டு மேடு பள்ளத்தில் வேகம் வேண்டாம்.

சாக்கிளை மட்டும் 2 அங்குலம் நீட்டினால் 2 அங்குலம் தூக்குமா? பட்டைக்கு அடியில் கட்டை வைப்பது எப்படி?
— ஒரு வாசகர், நீடாமங்கலம்

பட்டையின் ஒரு முனைதான் சாக்கிளில் இருக்கிறது, ஹவுசிங் நடுவில் இருக்கிறது. அதனால் 2 அங்குலம் நீட்டினால் 1 அங்குலம்தான் தூக்கும். அதற்குள் ஹவுசிங் திரும்பி காஸ்டர் மாறிவிடும், நீண்ட சாக்கிள் பக்கவாட்டில் ஆடும். அரை அங்குலத்துக்காக ஒரு அங்குலம் நீட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு தகடுக்கும் நடுவே ஒரு குறுக்குக் குழாய் வைத்து போல்ட் போட்டால் ஆட்டம் குறையும்.

கட்டை, முன்பக்கம் கூடவே கூடாது. பிரேக் போடும்போது முன் ஹவுசிங் முறுக்கும் வேகத்தில் கட்டை பிதுங்கினால் ஸ்டியரிங் உங்கள் கையில் இருக்காது. பின்பக்கம் வைக்கலாம்: ஒரே கட்டை, இரும்புக் கட்டை, மேலே நடு போல்ட் தலைக்கு ஓட்டையும் கீழே ஹவுசிங் மேடையில் இறங்கும் ஆணியும் உள்ளது, அதற்கேற்ற நீளத்தில் புது யூ போல்ட். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கட்டை அடுக்கி வருகிற வண்டிக்கு நான் வேறு எந்த வேலையும் தொடங்குவதில்லை, முதலில் ஒன்றைக் கழற்றச் சொல்கிறேன்.